அருணகிரிநாதரும் ஓசை நெறியும்

சைவத் தமிழுலகிற் றோன்றிய அருட்கவிகளுள், செவி நிறையும் ஓசையை அருணகிரிநாத சுவாமிகளைப் போல வாரி வழங்கினார் பிறர் இலர் என்றல் மிகையாகாது. அங்ஙனமாகவும், அப்பெருந்தகையார் தம் ஞானாசாரியனாகிய முருகப் பெருமானிடத்துப் பெற்ற முதலுபதேசம் பேச்சொழிந்து அமைந்திருக்க என்பதேயாம். மோனத்தை உபதேசமாகப் பெற்றவர் பதினாறாயிரம் திருப்பாட்டுப் பாடினார் என்பது முன்னும் பின்னும் மாறுகொள்வது போலத் தோன்றும். இம்மாறுபாட்டை ஆராயாது விடுவோமாயின், திருப்புகழ் வெறுந் தாளக்கட்டாகவும், கந்தரனுபூதி தனியொரு ஞான நூலாகவும் பிரிந்து நிற்குமேயன்றி, இரண்டும் ஒருவர் வாழ்க்கையினின்று விளைந்தன என்பது புலனாகாது. ஆதலின் அவர்தம் சரித்திரத்தை, ஓசை பற்றிய சித்தாந்தக் கொள்கையோடு ஒட்டி ஈண்டு எழுதப் புகுந்தாம்.

இதனைக் குன்றக்குடியிலிருந்து எழுதுவதற்கும் ஒரு பொருத்தம் உண்டு. அருணையிற் றோன்றிய அடிகள் இம்மயில்மலைக்கு எழுந்தருளிச் சண்முகநாதனைப் பாடிப் போயினார். அவ்வருணையின் பெயரையே பூண்ட திருவண்ணாமலை ஆதீனமும், அங்குத் தோன்றி, பிரான்மலையிற் றங்கி, பின்னர் இக்குன்றின் அடியில் நிலைபெற்றது. ஊர்ப்பற்றினாற் கூறுகின்றேம் எனக் கொள்ளினும் கொள்க.

அடிகளின் காலம் பதினைந்தாம் நூற்றாண்டு என்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கும் உடன்பாடு. தம் பாடலொன்றிற் பிரபுடதேவ மாராயன் என்னும் அரசனைப் பெயர் சுட்டிக் கூறுதலின், விசயநகரத்தில் அப்பட்டம் புனைந்து 1446 வரை ஆண்ட இரண்டாம் தேவராயனே அவ்வரசன் எனக் கொள்வர். மெய்கண்டாரும் அருணந்தி சிவாசாரியரும் பதின்மூன்றாம் நூற்றாண்டினர். உமாபதி சிவாசாரியர் சங்கற்ப நிராகரணம் இயற்றியது கி.பி. 1313-இல். எனவே சித்தாந்த சாத்திரங்கள் நிறைவுற்று ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரே அடிகள் வாழ்ந்தனர் என்பது போதரும். இஃது மறவாது கொள்ளற்பாலது, பின்னர்ப் பயன்படும்.

அவர்தம் இளமை பற்றி வழங்குங் கதைகள் பல. பரத்தையர் வயப்பட்டுப் பொருளனைத்தும் இழந்து, நோயுற்று, தமக்கையாரால் இடித்துரைக்கப்பட்டு, உயிர் துறக்கத் துணிந்தார் என்பர். பட்டினத்தார்க்கு மகனார் என்பாரும் உளர். பட்டினத்தார் பற்றிய கூற்றுக்குச் சான்றாவதொன்றும் அடிகள் வாக்கிற் காணக் கிடைத்திலது. தமக்கையார் கதையும் செவிவழிச் செய்தியே. பரத்தையர் மயக்கம் பற்றிய செய்திக்கு மாத்திரம் திருப்புகழையே சான்றாகக் காட்டுவர். பாடல்தோறும் முற்பகுதியில் அம்மயக்கத்தைத் தம்மேல் வைத்து அடிகள் நொந்து கூறுகின்றாரன்றோ எனின், அற்றன்று. அதே திருப்புகழில், மூப்பால் மெலிந்து, பாயிற் கிடந்து, சுற்றத்தார் சூழ்ந்தழ, உயிர் நீங்கி, உடல் சுடலையில் வெந்தொழிதலையுந் தம்மேல் வைத்தே பாடுகின்றார். முன்னையதைச் சரித்திரமெனக் கொள்வார் பின்னையதையும் சரித்திரமெனக் கொள்ளல் வேண்டும். கொள்ளின், அடிகள் ஒருமுறையன்று, நூறுமுறை இறந்தாராதல் வேண்டும்! உலகத்தார் குற்றத்தைத் தம் குற்றமாக ஏறட்டுக்கொண்டு இறைவன்முன் நிற்றல் அருளாளர் மரபு. நாவரசரும் மணிவாசகரும் தம்மை இழித்துக் கூறியன அனைத்தையும் உள்ளவாறே கொள்வார் எவர்? ஆயினும் இக்கதையாற் பிழைபுரிந்தாரும் நம்பிக்கை பெற்றனர் என்பதை மறுக்கின்றிலேம். கதையாற் பயனுண்டு என்பது வேறு. கதை சரித்திரம் என்பது வேறு. ஞானாசாரியர் ஒருவர்மேல் இல்லாத பழியை மடங்களின் மேடைகளிலேயே ஏற்றிப் பேசுவது மாத்திரம் நன்றன்று என்பது எம் துணிபு.

திருவண்ணாமலைக் கோபுரத்தினின்றும் வீழ்ந்தபோது முருகப் பெருமான் தாங்கியருளினன் என்பது யாவரும் அறிந்த வரலாறு. வீழ்ந்தது உடலோ, யானென்னும் முனைப்போ, அறிஞர் ஆய்ந்து கொள்க. அதன்பின் நிகழ்ந்ததை அடிகளே கந்தரனுபூதியில் உணர்த்துகின்றார்: வள்ளியைக் கவர்ந்த பெருமான், பிறப்பிறப்பில்லாதவன், சொல்லற அமைந்திருக்குமாறு பணித்தனன், பணித்த அளவில் வேறு பொருள் யாதும் தமக்குத் தோன்றாதாயிற்று என்று. இது செவிவழிக் கதையன்று. அவர்தம் அநுபவ வாக்கு. இதன்பின் நெடுங்காலம் அருணையிலேயே மோனத்திருந்தனர் என்பது ஐதிகம்.

மோனம் கலைந்தது தம் விருப்பால் அன்று. முத்து என்னுஞ் சொல்லை முதலாக எடுத்துக் கொடுத்துப் பாடுக எனப் பெருமானே ஆணையிட்டனன் என்ப. பின்னர்ச் சிராப்பள்ளியை அடுத்த வயலூரில், திருப்புகழ் பாடும் நெறி வகுக்கப்பட்டது. மயிலும், கடப்பந்தாரும், வேலும், சேவலும், திருவடியும், பன்னிரு தோளும், வயலூரும் அமையப் பாடுமாறு பணித்த திருவருளை மறவேன் என்று பிள்ளையார்மேற் பாடிய பாடலொன்றில் அடிகளே நன்றி பாராட்டுகின்றார். இதனை ஊன்றி நோக்குக. பேசற்க என்றவனும் அவனே. பாடுக என்றவனும் அவனே. இரண்டாம் ஆணை முதலாணையை அழித்ததன்று. தற்போதத்தினின்று எழுஞ் சொல் முதலில் அறுக்கப்பட்டது; அறுக்கப்பட்ட இடத்தில் அருளினின்று எழுஞ் சொல் பிறந்தது. வயலில் களை பறித்த பின்னரன்றோ வித்திடுவர்.

அதன்பின் அடிகள் தலயாத்திரை மேற்கொண்டனர். இருநூறு தலங்களுக்கு மேற்பட்டவற்றைத் திருப்புகழிற் காண்கின்றோம். வடக்கே காசி, தெற்கே செந்தூர், கடல் கடந்து ஈழத்திற் கதிர்காமமும் திருக்கோணமலையும் ஆக அவர் பாடாத திசையில்லை. விராலிமலைக்கு வருகவெனப் பெருமான் அழைத்தருளியதையும் குறித்துள்ளார். பழனியிற் பாடிய பாடலொன்றிற் செபமாலை தந்த சற்குருநாதன் என முருகனை விளிக்கின்றார். இச்செய்தியைப் பலரும் கடந்து போவர். யாமோ இதனை அவர் வாழ்க்கையின் திறவுகோல்களுள் ஒன்றாகக் கருதுகின்றேம். பதினாறாயிரம் பாடிய நாவுடையார்க்குப் பெருமான் ஈந்த பரிசில் பொன்னன்று, பட்டன்று, எண்ணி உருவேற்றும் மணிவடம். பாட்டும் செபமும் அவர்க்கு இருவேறு தொழில் அல்ல என்பது இதனால் துணியப்படும்.

குன்றக்குடிக்கு அவர் வந்த ஆண்டும் திங்களும் அறியுமாறில்லை, பாடல்கள் உள. கொடுங்குன்றமாகிய பிரான்மலையையும் திருப்புத்தூரையும் பாடியிருத்தலின், பாண்டிநாட்டின் இப்பகுதியில் ஒருசேர வலம் வந்தனர் எனக் கருத இடமுண்டு. அவர் வந்தபோதே மலையடியிலுள்ள பாண்டியர் குடைவரைகள் ஏறத்தாழ எழுநூறு ஆண்டுப் பழமை எய்தியிருந்தன. தேனாற்றுநாதர் சிவலிங்கத் திருமேனியாய் அங்கு வீற்றிருந்தார். மலைமேல் ஆறுமுகமும் பன்னிரு கரமும் உடைய பெருமான் மயில்மேல் அமர்ந்திருக்க, தேவியர் இருவரும் தனித்தனி மயில்மேல் அமர்ந்திருத்தல் இத்தலத்தின் சிறப்பு. குன்றே மயில் என்பது தலபுராணக் கொள்கை. அன்னமும் கருடனும் தம்மினும் விரைவுடையன என அசுரர் பொய்யுரைக்கக் கேட்டுச் சினந்து, அவற்றை விழுங்கிய மயிலைப் பெருமான் மலையாகுமாறு சபித்துப் பின்னர் அருள்புரிந்தனன் என்பர். ஆடாது, அகவாது, அசையாது அமர்ந்த மயில்! ஒலி அடங்கிய நிலைக்கு இதனினும் ஏற்றதோர் உருவம் வேண்டுமோ?

குடைவரையில் நின்று ஓதியவர் அறிவர்: வெட்டவெளியில் ஓதுதலும் கல்லறைக்குள் ஓதுதலும் ஒன்றல்ல. வாயினின்று போன ஒலி கற்சுவரிற் றாக்கி மீண்டு, அடுத்த ஒலியோடு கலந்து, ஓதுவான் உடம்பிலேயே வந்து படியும். ஓதுவான் யார், ஒலிப்பது எது என்னும் பிரிவு சிறிது நேரம் மங்கும். நம் முன்னோர் கல்லைக் குடைந்து கருவறை கண்டதற்கு இதுவும் ஒரு காரணமோ என எண்ணத் தோன்றும்.

இனி, அடிகள் கையாண்ட ஓசையின் இயல்பைச் சிறிது விரித்துரைப்பாம். வண்ணம் இருபது எனத் தொல்காப்பியச் செய்யுளியல் வகுத்தது. ஆளுடைய பிள்ளையார் முதற்றிருமுறையில் திருத்தாளச்சதி அருளி அந்நெறிக்கு ஒரு பேரெல்லை காட்டினார். பிள்ளையாரை முருகப் பெருமானாகவே வைத்துப் போற்றும் அருணகிரியார் (பிள்ளையார் முருகன் சாரூபம் பெற்ற அபர சுப்பிரமணியராவர் என்று சித்தாந்த நூலோர் இதற்கு அமைதி கூறுவர், அவ்வாராய்ச்சி இங்கு வேண்டா) அவ்வெல்லையினின்றும் புறப்பட்டு, அதுகாறும் எவரும் புகாத காடெல்லாம் புகுந்தனர். ஒரு பாட்டிற்கு ஒரு சந்தக் குழிப்பு வகுத்துக்கொண்டால், வல்லெழுத்து வந்த இடத்து வல்லெழுத்தே, மெல்லெழுத்து வந்த இடத்து மெல்லெழுத்தே, குறில் வந்த இடத்துக் குறிலே, நெடில் வந்த இடத்து நெடிலே இறுதியடி வரை வருதல் வேண்டும். இடையிடையே தொங்கல் என்னும் சிறு சீர் வந்து மூச்சுக்கு இடந்தரும். இக்கட்டுப்பாட்டிற்குட்பட்டு இன்று நமக்குக் கிடைத்துள்ள பாடல்கள் மாத்திரமே 1300-க்கு மேற்பட்டவை.

இதனால் ஓதுவார்க்கு விளைவது யாது? எழுத்தோசை பிறக்கும் முறையைத் தொல்காப்பியனார் பிறப்பியலில் வைத்துள்ளார். உந்தியினின்று எழுங் காற்று, தலையினும் மிடற்றினும் நெஞ்சினும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு இயைந்து எழுத்தாகின்றது என்பது அவர் கொள்கை. எனவே வல்லெழுத்து ஒற்றி வருஞ் சந்தம் நெஞ்சைத் தட்டும். மெல்லெழுத்து ஒற்றி வருஞ் சந்தம் மூக்கின் வழியாகத் தலையோட்டினுள் நின்று முரலும். இடையின ஒலி இவ்விரண்டிற்கும் இடையே ஊசலாடும். நீண்ட அடியொன்றை இடைமுறியாது ஓதி முடிப்பவன் தன்னையறியாது மூச்சை நெடிது விடுகின்றான். தொங்கலில் மட்டும் உள்வாங்குகின்றான். மூச்சு அளவுபட்டால் மனம் அளவுபடும் என்பது யோகநூலார் முடிபு. பிராணாயாமம் என்னும் பெயரையும் அறியாத பாட்டியார் விடியலில் நான்கு திருப்புகழ் ஓதி முடித்தபின் முகந்தெளிந்து எழுவதற்குக் காரணம் இதுவே.

மேனாட்டு மருத்துவரும் இதனை அளந்து கண்டனர். 2001-ஆம் ஆண்டில் இத்தாலியரான பெர்நார்டி என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும், கிறித்தவர் இலத்தீனிற் கூறும் செபமாலை வழிபாட்டையும், பௌத்தர் உருவேற்றும் மணிபத்ம மந்திரத்தையும் 23 பேரைக் கொண்டு ஓதுவித்துச் சோதித்தனர். இரண்டினும் மூச்சு நிமிடத்திற்கு ஆறு என்னும் அளவிற்குத் தாழ்ந்ததென்றும், நெஞ்சத் துடிப்பும் குருதியழுத்தமும் அம்மூச்சோடு ஒத்து அலைந்தன என்றும் வெளியிட்டனர். சமயம் வேறு, மொழி வேறு, பொருள் வேறு. உடம்பு மாத்திரம் ஒன்றாகவே விடை கூறியது. இக்காலத்து நகரங்களில் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டியும், பெருஞ் சேகண்டியை முழக்கியும், கண்மூடிக் கிடப்பார்க்கு இளைப்பாறுதல் அளிக்கின்ற கூடங்கள் பல தோன்றியுள்ளன. அங்குச் செல்வார் பொய்யாக இளைப்பாறுகின்றனர் என்று யாம் கூறோம். ஒலிக்கு உடலையும் உள்ளத்தையும் ஆற்றும் வன்மை உண்டு. வினாவெல்லாம் அவ்வாறுதல் எம்மட்டிற்று என்பதே.

இவ்வினாவிற்கு விடை சித்தாந்த சாத்திரத்தில் உளது. ஒலியே பரம்பொருள் என்னுஞ் சத்தப்பிரமவாதியை அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் பரபக்கத்து எடுத்து மறுத்தனர். ஒலி தோன்றும், ஒடுங்கும், பலவாகும், தன்னை அறியாது. ஆதலின் அது சடம். சடமாயது காரியமாம், காரியத்திற்கு முதற்காரணம் வேண்டும், அதுவே சுத்தமாயை. அதனின்று நாதமும், அதனின்று விந்துவும் முறையே தோன்றும். வாக்குக்கள் நான்கும் அச்சுத்தமாயையின் விருத்தியாம். பிறர் செவிக்கும் தன் செவிக்கும் கேட்பது வைகரி. பிறர் கேளாது, மிடற்றினுள்ளே எழுத்துக்கள் நிரல்பட நின்று பொருளுணர்வை விளைப்பது மத்திமை. எழுத்துக்கள் வேறு வேறாகப் பிரியாது உள்ளத்தே அடங்கி நிற்பது பைசந்தி. இதற்கு ஆசிரியர் கூறும் உவமை, மயிலின் முட்டையினுள் நீரில் தோகையின் பல்வண்ணமும் விளங்காது அடங்கியிருத்தல். குன்றக்குடியில் இருப்பார்க்கு இவ்வுவமை எளிதில் மறவாது. இவை மூன்றற்கும் காரணமாய் அழிவின்றி நிற்பது சூக்குமை.

ஒலியால் வரும் அமைதி, எத்துணை இனிதாயினும், வைகரியினின்று மத்திமைக்கோ, மத்திமையினின்று பைசந்திக்கோ இறங்கிய அமைதியேயாம். அங்கு உயிரின் அறிவு விரிந்ததன்று; சொல்லின் ஆரவாரம் குறைந்தது, அவ்வளவே. அதனையே வீடுபேறு என மயங்கி நிற்பார் உளர். நாதத்தின் முடிவைக் கண்டு, அதற்கும் அப்பாலாய நாதாந்தத்திற் சிவத்தைச் சார்தலே நம்மனோர் கொள்கை. ஆயின் ஒலியை வேண்டாவென ஒதுக்கலாமோ எனின், ஒதுக்கலாகாது. காலில் தைத்த முள்ளை முள்ளாலன்றோ எடுப்பர். சொல்லாற் பிணிப்புண்ட உயிர்க்குச் சொல்லே ஏணி. ஐந்தெழுத்தை வாசிகமாகவும், உபாஞ்சுவாகவும், மானதமாகவும் ஓதுக என ஆகமங்கள் வகுத்தது இவ்விறக்கத்தைக் கருதியே.

அருணகிரியார் இந்நெறியில் நின்றனரா, அன்றி ஓசையின்பத்திற் றங்கினரா என்பதே ஆராயத்தக்கது. சந்தத்தை விரும்புவார் அவரை ஓசைக் கவிஞர் எனப் புகழ்ந்து நிறுத்திவிடுவர். சாத்திரம் வல்லாருட் சிலர் அப்புகழையே காரணமாகக் கொண்டு அவரை வண்ணப்பாவலர் வரிசையில் ஒதுக்கிவிடுவர். இருவரும் அவர்க்கு இழைப்பது ஒரே குறைவுதான். பழனிப் பாடலொன்றில் நாதம், விந்து, கலை என்பவற்றிற்கு முதலாயுள்ளான் என்று முருகனை அவர் வணங்குகின்றார். நாதமே அவன் என்று அமைந்தாரல்லர். அதற்கு முதல் அவன் என்றே கொண்டார். சித்தாந்த நூல்கள் நிறைவுற்ற பின்னர் வாழ்ந்தவராதலின், இச்சொல்லாட்சியைத் தற்செயலாய் விழுந்தது என்று தள்ளுதற்கு இடமில்லை.

அவர் வாழ்வின் பிற்பகுதியும் இதற்குச் சான்று. வில்லிபுத்தூரார் புலவரை வாதுக்கழைத்துத் தோற்றார் காதை அறுத்து வந்தனர் என்றும், அடிகள் கந்தரந்தாதி பாடி அவரை வென்றனர் என்றும் கூறுவர். அந்நூலின் 54-ஆஞ் செய்யுள் தகர வருக்கம் ஒன்றானே இயன்றது. கேட்பார்க்கு அது மத்தளச் சொற்கட்டேயன்றிப் பிறிதன்று. பொருள் காண்பார்க்கோ தில்லைக் கூத்தும், பாற்கடலும், பிறவிப் பெருநோயும் அதனுள் உள. வில்லியார் பொருள் காணமாட்டாது நின்றனர். அடிகள் அவர் காதை அறுத்திலர். இனி எவர் காதையும் அறுத்தலாகாது என்று மாத்திரம் பணித்தனர். ஓசையால் வென்றவர் செவியைக் காத்தார் என்பது இவ்வரலாற்றின் அழகு. வெற்றொலி எனத் தோன்றுவதனுள்ளும் மெய்ப்பொருள் அடங்கியிருக்கும் என்பதற்கு அச்செய்யுளினும் சிறந்த விளக்கம் யாம் கண்டிலேம். மயில் முட்டையின் உவமை மீண்டும் நினைவிற்கு வருகின்றது.

தேவராயன் அவையிற் சம்பந்தாண்டான் என்னுந் தேவி உபாசகனோடு நிகழ்ந்த வாது, அண்ணாமலைத் திருக்கோயிற் கம்பத்தில் முருகன் தோன்றியமை, அக்காட்சியால் அரசன் கண்ணொளி இழந்தமை, அதனை மீட்கும் பாரிசாதமலர் கொணரக் கிளியுடம்பிற் புகுந்து சென்றமை, மீண்டு வருமுன் அவர்தம் உடம்பை எரித்துவிட்டமை என்பன பலகாலும் கேட்ட வரலாறுகளாதலின் விரிக்கவில்லை. கம்பத்திளையனார் மண்டபமும் கிளிக்கோபுரமும் இன்றும் அண்ணாமலையிற் காணத் தக்கன. கிளியாய் நின்றே கந்தரனுபூதி அருளினர் என்பது ஐதிகம்.

இதனிடத்துச் சிறிது தங்குவோம். கிளி என்பது கேட்டதைக் கேட்டவாறே திருப்பிச் சொல்லும் பறவை. தனக்கென ஒரு சொல் இல்லாதது. தற்போதம் நீங்கியோர் வாக்கிற்கு அதனினும் பொருத்தமான உருவம் இல்லை. மேலும், 51 செய்யுளால் இயன்ற அனுபூதியைத் திருப்புகழோடு ஒருங்கு வைத்து ஓதிப் பாருங்கள். திருப்புகழின் இடியும் மின்னலும், கடுநடையும், அடுக்கிய சொற்கட்டும் அங்கு இல்லை. நான்கு சிற்றடிகள், எளிய சொற்கள், ஒருவன் தன் தந்தையின் அருகில் நின்று மெல்லப் பேசுவது போன்ற குரல். பதினாறாயிரம் பாடி நாவின் வலிமையனைத்தும் காட்டியவர், இறுதியில் மோனத்தின் வாயிற்படியில் நின்று, தாழ்ந்த குரலில், குருவாய் வந்து அருளுக என இரந்து முடிக்கின்றார். வைகரியினின்று உள்ளிறங்கிய ஒருவர் சென்ற அடிச்சுவடு இதனிற் றெளிவாகத் தெரிகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டிற் றாயுமானவர் மோனத்தைத் தம் குருவின் வாயிலாகப் பெற்றபோது, அனுபூதி பெற்று அனுபூதி சொன்னவர் என்று அருணகிரியாரையே நினைந்து உருகினார். மோனியர்க்கு முன்னோடி எனத் தாயுமானவர் கண்டவரை, தாளக்காரர் எனச் சிலர் காணுதல் வியப்பே.

அடிகட்குப் பின் திருப்புகழுக்கு நேர்ந்தது வருந்தத்தக்கது. ஏடுகள் சிதறின, பாடல்களின் பழைய பண் மறைந்தது. சந்தம் எழுத்திலேயே கட்டப்பட்டிருந்தமையால் தாளம் மாத்திரம் பிழைத்தது. நீதிமன்றத்தில் அலுவல் பார்த்த வ. த. சுப்பிரமணிய பிள்ளை (1846–1909), தில்லைவாழ் தீட்சிதர் தம் வழக்கொன்றிற் றிருப்புகழடியைச் சான்றாகக் காட்டக் கண்டு, அவ்வடியின் அழகில் ஈடுபட்டு, அன்றுமுதல் ஊரூராய் ஏடு தேடினார். முதற்பகுதியை 1894-இலும் இரண்டாம் பகுதியை அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் அச்சிட்டார். அவர் மைந்தர் வ. சு. செங்கல்வராய பிள்ளை உரையும் ஆராய்ச்சியும் எழுதினார். வழக்கு மன்றத்தில் வாதி பிரதிவாதிகளின் கூச்சலிடையே அவ்வொலி ஒருவர் செவியிற் புகுந்திராவிடில் நம் கையில் இன்று எஞ்சுவது எவ்வளவோ!

காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) போன்ற இசைவாணர் திருப்புகழைக் கச்சேரி மேடையில் ஏற்றினர். அதனால் அதன் தாள நுட்பம் உலகறிய வந்தது, அது நன்றே. ஆயினும் தாளத்தின் அருமையைக் காட்டுதற்கென்றே பாடலை எடுத்து, சொல்லைச் சிதைத்து, மூச்சுத் திணற ஓடி, இறுதியிற் கைதட்டலுக்குக் காத்து நிற்றலையும் யாம் கேட்டுள்ளேம். அவ்விடத்து ஓசை உள்ளே இறங்காமல் வெளியே தெறித்துப் போகின்றது. ஓதுவார்க்கும் கேட்பார்க்கும் இளைப்பே மிகும், இளைப்பாறுதல் இல்லை.

மற்றொரு வழியும் இருந்தது. வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் துறவு பூணுமுன் மைசூர் அரண்மனையிற் சமையற்பணி புரிந்தவர். தீராத வயிற்றுநோயால் வருந்திப் பழனியை அடைந்து, அங்கு நோய் நீங்கப்பெற்று, திருப்புகழைச் செவியுற்று, அன்றுமுதல் அதனையன்றி வேறொன்றும் வேண்டாதவரானார் என்பர். அதுவே மகாமந்திரம் என்று சேஷாத்திரி சுவாமிகள் அவர்க்கு உணர்த்தினர் எனவும் கூறுவர். ஆங்கிலப் புத்தாண்டு நாளில் திருத்தணிகையிற் படிதோறும் ஒரு திருப்புகழ் ஓதி ஏறும் வழக்கத்தை நிறுவியவர் அவர். 1950-இல் அவர் சமாதியடைந்த பின்னரும் அவ்வழக்கம் நின்றிலது. படிக்கு ஒரு பாட்டு என்றால் விரைந்தோட இயலாது. நின்று, மூச்சு வாங்கி, ஓதி, அடுத்த படியிற் கால் வைத்தல் வேண்டும். சந்தத் தொங்கலுக்கும் மலைப்படிக்கும் உள்ள உறவை அவர் அறிந்தே செய்தனர் போலும்.

எம் ஊரிலும் அவ்வுறவை ஆண்டுதோறும் காணலாம். தைப்பூசத்தை முன்னிட்டு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் ஒருங்குகூடிப் பழனியை நோக்கிப் புறப்படும். பல நாள் நடை. வெயில், பனி, கொப்புளம், முதியோர், சிறார். நடப்பவர் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றையோர் ஏற்று முழங்குவர். அடி பெயர்தலும் சொல் பெயர்தலும் ஒரே அளவாகும். முதல் நாள் உரத்த குரலில் ஆரவாரமாய் எழுந்த அவ்வொலி, நாட் செல்லச் செல்லத் தாழ்ந்து, இரவில் நிலவின்கீழ் நடக்குங்கால் உதடு மாத்திரம் அசைவதாய், பழனி மலை கண்ணுக்குப் புலப்படும் இடத்து அதுவும் அசையாததாய் ஆகிவிடுகின்றது என்று, பலமுறை நடந்து வந்த முதியோர் சிலர் எம்மிடம் கூறினர். அவருள் எவரும் சித்தியார் படித்தவர் அல்லர்.